வானத்துக்குப் போற பெட்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாது

எங்கட தொழிலில ஒரு பெரிய வசதி இருக்கு: நாங்கள் செய்து குடுத்த சாமான் பழுதாப் போனால், வாங்கினவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கட முகத்தில எறிய ஏலாது. சாமான் இருக்கிறது விண்வெளி நிலையத்தில. அதே காரணத்தாலதான் எங்களுக்கு நிம்மதியும் இல்லை. ஒரு ஆணி இளகினால் ஏணி வைச்சு ஏறிப்போய் முறுக்க ஏலுமே? மேலிடத்துக்குப் படிவம் நிரப்பியே கண் கெட்டுப்போன சக சீவன்களே, நீங்கள் எந்தக் கந்தோரில குந்தியிருந்தாலும் சரி, என்ர பாடு உங்களுக்கு விளங்கும்.

விசயம் இதுதான். ஒரு வெளிநாட்டுக் கொம்பனி விண்வெளி நிலையத்துக்குச் சின்னச் சின்னப் பெட்டியள் செய்து அனுப்புது. சப்பாத்துப் பெட்டி அளவுதான். உள்ளுக்குக் கொஞ்ச விதை, கொஞ்சத் தண்ணி, ஒரு குட்டி லைட், ஒரு குட்டி ஃபேன், ஒரு கமரா. அங்க விதை எப்பிடி முளைக்குது எண்டு படம் எடுத்துப் பாக்கிறதுக்கு. அந்தக் கொம்பனி வவுனியாவில ஒரு கிளை திறந்து, பரீட்சைக்கு எண்டு ஒரேயொரு பெட்டி செய்யத் தந்தது. பெட்டி தேறினால் கிளை இருக்கும், தேறாட்டில் பூட்டு.

கிளை எண்டவுடன பெரிசா நினைக்காதேங்கோ. மொத்தம் மூண்டு பேர். இன்சினியர் எண்டு நான். வயர் வேலைக்கு நிரூபன். தையல் வேலைக்குச் செல்வராணி அக்கா. அவா கதைக்கிறது மலைநாட்டுத் தமிழ், கார்மென்ட்ஸில பல வருசம் வேலை செய்தவா. புருசனுக்கு முதுகு ஏலாது, ரெண்டு பிள்ளையளின்ர படிப்பும் அவாவின்ர தலையில. 'இது நிலைக்கிற வேலை அக்கா, நம்பி வாங்கோ' எண்டு வாய் கூசாமல் சொல்லி அவாவைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

ஸ்பெஷல் ஒண்டு

எங்கட இடம் முந்தி ஒரு கூல்பார். நல்ல ஏசி, கண்ணாடிக் கதவு, வழுவழுப்பான தரை, அதாலதான் மலிவா எடுத்தது. கூல்பாரில தூசி போகாமல் அடைச்சு, உள்ளுக்கு ஒரு சுத்த அறை கட்டினம். வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி, கிளவுஸ் எல்லாம் போட்டால்தான் அந்த அறைக்குள்ள கால் வைக்கலாம். வெளியில இருந்து பாக்கிறவைக்கு ஆசுப்பத்திரியோ ஐஸ்கிரீம் கடையோ எண்டு விளங்காது. பழைய போர்ட்டை நாங்கள் கழட்டினாலும் சனத்தின்ர மனசில இருந்து கழட்ட ஏலேல்லை.

ஒருநாள் மத்தியானம், வெயில் எண்டால் தார் உருகிற வெயில். ஒரு ஐயா சைக்கிளைச் சாத்திப்போட்டு வந்து கண்ணாடியில தட்டினார். நான் முழு அங்கியோட வெளியில வந்து, ஐயா இது இப்ப கூல்பார் இல்லை, விண்வெளி நிலையத்துக்குச் சாமான் செய்யிற இடம் எண்டு விளக்கமா, கொஞ்சம் பெருமையாவும் சொன்னன். அவர் என்ர விண்வெளியை ஒரு சொட்டும் பொருட்படுத்தேல்லை. கதவிடுக்கால வந்த குளிரில முகத்தை நீட்டிக்கொண்டு சொன்னார்: "ஸ்பெஷல் ஐஸ்கிரீம் இல்லாட்டில் பரவாயில்லைப் பிள்ளை, உந்தக் குளிருக்க ஒரு அஞ்சு நிமிசம் இருந்திட்டுப் போகட்டே?"

கச்சேரியில ஒரு வேலை

அம்மா புதுக்குடியிருப்பில. சனிக்கிழமைகளில பஸ் ஏறிப் போவன். ஒருக்கால் போனபோது, எனக்குச் சொல்லாமல் மாப்பிள்ளை பாக்க ஒரு கலியாணப் புறோக்கரைக் கூப்பிட்டு முன் கதிரையில இருத்தி வைச்சிருந்தா. மனுசன் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு என்ர வேலையைப் பற்றி விசாரிச்சார். நான் றொக்கெட்டில தொடங்கி, பூமியை அது எப்பிடிச் சுத்துது எண்டது வரைக்கும் பாடம் எடுத்தன். அவர் கொப்பியில ஒண்டும் எழுதேல்லை. கடைசியா ரெண்டு கேள்விதான் கேட்டார். பென்சன் இருக்கோ? இல்லை. இடமாற்றம் வருமோ? கிளையையே பூட்டினாலும் பூட்டுவினம் எண்டன்.

அவர் கொப்பியை மூடிப்போட்டு அம்மாவைப் பாத்துப் பரிதாபமாச் சொன்னார்: "அவ்வளவு உயரத்துக்குச் சாமான் அனுப்புற பிள்ளைக்கு, இஞ்ச கிட்ட இருக்கிற கச்சேரியில ஒரு அரசாங்க வேலை எடுக்க ஏலாமப் போச்சோ?"

வவுனியாவுக்கு ஏற்ற பெட்டி

முதல் மாதிரிப் பெட்டியைச் செய்து முடிச்ச அண்டைக்கு எனக்குத் தலை கால் புரியேல்லை. மேல ஒரு சின்னத் தொட்டி, அதில இருந்து தண்ணி சொட்டுச் சொட்டா விழுந்து விதையை நனைக்கும். நாலு நாளில முளை வந்திட்டுது. வீடியோ எடுத்து, பின்னணியில பாட்டும் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினன். எங்களுக்கு மேல அங்க பொறுப்பா இருக்கிறவா இங்கிரிட் எண்ட அம்மா. சிரிக்காத முகம். தேவைக்கு மேல ஒரு சொல்லும் கதைக்கமாட்டா.

பிழை உங்களுக்கு இப்பவே பிடிபட்டிருக்கும். எனக்குப் பிடிபடேல்லை. விண்வெளி நிலையத்தில ஒண்டும் கீழ விழாது. தண்ணியும் விழாது. தொட்டியின்ர வாயில உருண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கும். பள்ளிக்கூடத்தில படிச்சதுதான், பரீட்சையில எழுதிப் புள்ளியும் எடுத்ததுதான். வீடியோவைப் பாத்திட்டு இங்கிரிட் அனுப்பின பதிலை அப்பிடியே தமிழில தாறன்: "மிகவும் அருமையான பெட்டி. வவுனியாவில் வைத்துப் பயிர் வளர்க்க இதைவிட நல்லது கிடைக்காது."

திரி

பிறகு ரெண்டு கிழமை பம்ப் தேடினன். குட்டிப் பம்ப், குட்டியிலும் குட்டிப் பம்ப். எல்லாம் விலையும் கூட, சத்தமும் கூட. நான் தலையில கை வைச்சுக்கொண்டு இருக்கேக்க, செல்வராணி அக்கா தைச்சுக்கொண்டே கேட்டா, விளக்கில எண்ணெய் மேல ஏறுறதுக்கு ஆர் பம்ப் வைச்சது எண்டு. அவா என்னைச் சோதிக்கக் கேக்கேல்லை, மெய்யாவே அறியக் கேட்டா. நான் பம்ப் விலைப் பட்டியலை மூடி வைச்சன். துணி தானாத் தண்ணியை இழுக்கும். அதுக்கு மேலும் தேவையில்லை, கீழும் தேவையில்லை.

பருத்தித் துணியை நாலா மடிச்சு, நடுவால ஒரு தையல் போட்டு அவா ஒரு திரி தைச்சுத் தந்தா. விதையளை அந்தத் தையலோரமா ஒட்டினம். வேலை செய்தது. நான் அதை 'நுண்துளை நீர்க்கடத்தி' எண்டு பேர் போட்டு அறிக்கையில எழுதி, அவாவுக்கு வாசிச்சும் காட்டினன். அவா சொன்னா: "திரின்னு எழுதினா சம்பளம் குறைச்சிருவாங்களா மிஸ்?"

வெறும் நெத்தி

சுத்த அறைக்குள்ள தூசி எண்ணுற மெசின் ஒண்டு இருக்கு. தூசி கூடினால் கத்தும். மற்ற நாளில பேசாமல் இருக்கிற மெசின், வெள்ளிக்கிழமையில மட்டும் குழறும். ஒரு மாசமா வயரைப் பாத்து, ஏசியைப் பாத்து, கடைசியாக் கண்டுபிடிச்சன்: நிரூபன் வெள்ளிக்கிழமை காலமை கோயிலுக்குப் போட்டு, நெத்தி நிறையத் திருநீறோட வாறவன். தொப்பியை இழுத்துப் போடேக்க அது உதிருது.

எனக்கு வந்ததே கோவம். 'திருநீறு, சந்தனம், குங்குமம், பவுடர், பூ எல்லாம் தடை' எண்டு பெரிய எழுத்தில எழுதிக் கதவில ஒட்டினன். விண்வெளியில சன்னலைத் திறக்க ஏலாது, ஒரு மணம் உள்ள போனால் போனதுதான், ஒரு துகள் ஃபேனுக்க போனால் போனதுதான் எண்டு அரை மணித்தியாலம் பிரசங்கமும் வைச்சன். நிரூபன் தலையைக் குனிஞ்சு கேட்டுப்போட்டு மெதுவாச் சொன்னான்: "சரி அக்கா, ஆனா வெறும் நெத்தியோட வெளிக்கிட்டால் ஆரின்ர செத்தவீடு எண்டு அம்மா கேக்கிறா."

மோதிர விரல்

பெட்டி முடிஞ்சு, துடைச்சு, பையில போட்டு மூடுற நாளும் ஆயுத பூசையும் ஒண்டா வந்து சேந்தது. பூசை வேண்டாம் எண்டு சொல்ல எனக்கே மனம் வரேல்லை. முன் அறையில மட்டும், பழைய ஸ்குறூ டிரைவருக்கும் தையல் மெசினுக்கும் மட்டும் எண்டு சட்டம் போட்டன். அவல், கடலை, பொங்கல். பன்னீர் விட்டுச் சந்தனம் குழைச்சது செல்வராணி அக்கா. நல்ல மணம்.

பூசை முடிய நான் தனிய உள்ளுக்குப் போனன். அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் முறைப்படி. மேசையில பெட்டி பளபளவெண்டு இருந்தது. ஒரு வருசப் பாடு. உது திரும்பி வந்தால் செல்வராணி அக்கா எந்த முகத்தோட திரும்பவும் கார்மென்ட்ஸ் வாசலில போய் நிப்பா? நான் எந்த முகத்தோட அவாவைப் பாப்பன்? மெய்யாச் சொல்லுறன், எனக்குப் பயம். வெளியில வந்து, கிளவுஸ் போட்ட மோதிர விரலால சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு திரும்பவும் உள்ளுக்குப் போய், பெட்டியின்ர அடிப்பக்கத்தில, ஒருத்தருக்கும் தெரியாத மூலையில, ஒரேயொரு பொட்டு. பிரசங்கம் வைச்ச அதே வாய்தான், கதவில நோட்டீஸ் ஒட்டின அதே கைதான். உடன பையில போட்டு மூடி முத்திரையும் குத்திப்போட்டன்.

ஒண்டும் தெரியாத மாதிரி வெளியில வர, நிரூபன் கடலையைக் கொறிச்சுக்கொண்டு சொன்னான்: "எல்லாத்துக்கும் பொட்டு வைச்சாச்சு அக்கா, அந்தப் பெட்டிதான் பாவம்."

ஐஞ்சு மூக்கு

விண்வெளி நிலையத்துக்குப் போற சாமானுக்கு மணச் சோதனை ஒண்டு இருக்கு எண்டது எனக்குத் தெரியும். ஐஞ்சு பேர் வரிசையா வந்து மூக்கை வைச்சு மணந்து பாத்துப் புள்ளி போடுவினம். தெரிஞ்சும்தான் அந்த வேலை பாத்தன் எண்டதைக் குறிச்சு வையுங்கோ.

பெட்டி மேலிடத்துக்குப் போய் ரெண்டு கிழமையால இங்கிரிட் வீடியோவில வந்தா. நாங்கள் மூண்டு பேரும் ஒரே மேசையில. திரையில ஒரு பெரிய படம் போட்டா: என்ர பொட்டு. மிளகளவில வைச்சது, அந்தப் படத்தில தோசை அளவு. ஐஞ்சு மூக்கும் ஏதோ மணக்குது எண்டு எழுதியிருக்கு. பெட்டியை நிப்பாட்டி வைச்சாச்சு, ஏறவேண்டிய றொக்கெட்டில ஏறாது. செல்வராணி அக்கா தன்ர ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தா, சந்தனம் குழைச்ச கையெல்லோ. இங்கிரிட் சொன்னா: "இது தவறி விழுந்த கறை இல்லை. வட்டம் மிகவும் நேர்த்தியாக இருக்கிறது. இதை வைத்தவர் யார்?"

'காரணம்' எண்ட கட்டம்

திருநீறுக் கதை இங்கிரிட்டுக்குத் தெரியும், ஏனெண்டால் அந்த நேரம் அவனைப் பற்றி அறிக்கை எழுதினதும் நான்தான். அதால எல்லாற்ற கண்ணும் நிரூபனில. அவன் என்னை ஒருக்கால் பாத்தான். விளங்கிக்கொண்டான் போல. மெல்லமாக் கையை உயர்த்த வெளிக்கிட்டான். ஒரு கணம் நான் பேசாமல் இருந்தன். அந்த ஒரு கணத்தை நினைச்சால் இப்பவும் எனக்கு வெக்கமாக் கிடக்கு. பிறகு அவன்ர கையைப் பிடிச்சுக் கீழ இறக்கிப்போட்டு, நான்தான் எண்டன்.

படிவம் வந்தது. பொருள்: சந்தனம், பன்னீர். வைத்தவர்: இன்சினியர். அடுத்தது காரணம். 'கவனக்குறைவு' எண்டு எழுதினால் லேசாத் தப்பலாம். வட்டமாப் பொட்டு வைக்கிற கவனக்குறைவு எங்க இருக்கு? 'பயம்' எண்டு ஒரு சொல் எழுதினன். 'இனி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்' எண்ட கட்டத்தில, இன்சினியரைப் பெட்டியோட தனிய விடமாட்டம் எண்டு எழுதி அனுப்பினன்.

பதில் வரும்வரைக்கும் செல்வராணி அக்கா என்னை ஒரு சொல் ஏசேல்லை. மத்தியானத்தில தன்ர சாப்பாட்டில பாதியை எனக்குப் போட்டுத் தந்தா. அவா ஏசியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும். ஒரு மாசத்தால இங்கிரிட் கூப்பிட்டா. பொட்டைத் துடைச்சு, பெட்டியைத் திரும்பச் சோதிச்சு, ஐஞ்சு மூக்கும் ஒண்டுமில்லை எண்டு எழுதிப்போட்டினமாம். அடுத்த றொக்கெட்டில போகும். கிளையும் இருக்கும். நான் நன்றி சொல்ல வாயைத் திறக்க முதல் அவா சொன்னா: "காரணம் என்ற கட்டத்தில் உண்மையான காரணத்தை எழுதிய ஒரு இன்சினியரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அடுத்த முறை பயத்தையும் முன் அறையில் வைத்துவிட்டு வாருங்கள்."

முதல் படம்

பெட்டி மேல போய்ச் சேந்து, கமரா எடுத்த முதல் படம் ஒரு காலமை வந்தது. நிரூபன் கொம்பியூட்டரை முன் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். முளை வந்திருக்கு. ஆனா அங்க மேல் கீழ் இல்லையெல்லோ, ஒண்டு இடப்பக்கம், ஒண்டு வலப்பக்கம், ஒண்டு திரும்பித் துணியையே பாத்துக்கொண்டு நிக்குது. எனக்குப் பொலபொலவெண்டு கண்ணீர் வந்திட்டுது. மூக்கைச் சீறிக்கொண்டு, இது சரித்திரம், இது சாதனை எண்டு ஏதோ பினாத்தினன். நிரூபன் எழும்பிப்போய்க் கதவு நோட்டீசில 'இன்சினியருக்கும் பொருந்தும்' எண்டு ஒரு வரி சேத்து எழுதிப்போட்டு வந்தான்.

செல்வராணி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தா. முளையளைப் பாக்கேல்லை. அதுகளுக்கு நடுவால போற தன்ர தையலை இந்தத் தலைப்பில இருந்து அந்தத் தலைப்பு வரைக்கும் விரலால தொட்டுக்கொண்டு போனா. போய் முடிச்சு, நிமிந்து சொன்னா: "முளையெல்லாம் கோணல் மிஸ், ஆனா என் தையல் நேராத்தான் போயிருக்கு."

ஆகக்கூடி, வவுனியாவில இருந்து வானம் வரைக்கும் போன இந்த வேலையில கோணாமல் போய்ச் சேந்தது செல்வராணி அக்காவின்ர ஒரு சாண் தையல் மட்டும்தான், மிச்சக் கோணல் எல்லாத்துக்கும் பொறுப்பான இன்சினியர், கீழ கையெழுத்துப் போட்டிருக்கிற, இப்ப வெறும் நெத்தியோட வேலைக்கு வாற நான்.