மாலை போடாத மூன்று நாள்

என் அண்ணன் வருடத்தில் நாற்பத்தெட்டு நாள் குடிக்க மாட்டான். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டதும் நிறுத்திவிடுவான். சபரிமலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினால், அன்றைக்கு இருட்டுவதற்குள் கடைவாசலில் நிற்பான். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறான். சவாரி முடிந்து சாவியை அண்ணியிடம் கொடுக்கும்வரை தொடமாட்டான் என்பதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த நாற்பத்தெட்டு நாளும் எங்கள் வீட்டில் திருவிழாதான். அண்ணி பாடிக்கொண்டே சமைப்பாள். நாற்பத்தொன்பதாவது நாளை நினைத்து நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். என் சுபாவம் அப்படி.

இத்தனை நாள் நிறுத்த முடிந்தவன் உடம்பு அதற்குப் பிறகு ஏன் மறுபடி கேட்கிறது? இந்தக் கேள்விதான் என்னை உயிரியல் படிக்க வைத்தது. படித்து, ஆய்வகத்தில் ஒப்பந்த வேலைக்கும் சேர்ந்த பிறகு, இதையே ஆய்வாக எழுதி மூன்று இடங்களில் நிதி கேட்டேன். மூன்று பேரும், முதலில் கொஞ்சம் ஆதாரம் கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஆதாரத்துக்குத்தானே ஐயா பணம் கேட்கிறேன் என்று சுவரிடம் சண்டை போட்டேன். நான்காவது, இன்னும் நிரூபணமாகாத யோசனைகளுக்கு முதல் பணம் தருகிற ஓர் அறக்கட்டளை. ஒருவரை அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதினார்கள். இதுவும் தட்டிப்போனால் பங்குனியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. கேள்வியையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வருடா வருடம் மாலை போடுகிற, மற்ற நாளெல்லாம் குடிக்கிற பத்துப் பேரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். குடிக்கும் நாளில் ஒருமுறை, மாலையோடு ஒருமுறை, கழற்றிய பின் ஒருமுறை ரத்தம் எடுப்பது என் திட்டம். அண்ணனைச் சேர்க்க முடியாது, சொந்தக்காரர் கூடாது என்பது விதி. அவனுக்கு அதில் பெரிய மனத்தாங்கல்.

"ஊர்ல இருக்கறவன் ரத்தமெல்லாம் வேணும், என் ரத்தம் மட்டும் ஆவாதா பாப்பா?"

"நீ வேன் ஓட்டுண்ணா, போதும்."

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேங்கிக்காலில் தெரிந்த டாக்டரின் கிளினிக்கைக் கேட்டு வாங்கியிருந்தேன். அறக்கட்டளை அனுப்பியவர் பெங்களூரில் இருக்கும் தமிழ் விஞ்ஞானி, அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். முந்தின நாள் வெறுங்காலோடு மலையைச் சுற்றியதில் கால் முழுக்கக் கொப்புளம். வலியிலும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அண்ணனின் வேன் வந்து நின்றது. பத்துப் பேரும் இறங்கினார்கள். எல்லோரும் வெளுத்த வேட்டியில், முகம் மழித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள். நான் மூத்தவரிடம் ஓடினேன்.

"நேத்து குடிச்சீங்களா?"

"ஐயோ, மூணு நாளா தொடலம்மா," என்றார் மூத்தவர். "உனக்குப் பணம் குடுக்கப் பெரியவங்க வராங்கன்னு உங்கண்ணன் சொன்னான். நாத்தத்தோட வந்து உம் பேரைக் கெடுப்போமா?"

"வழக்கம்போல இருங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! உங்கள யாரு நல்லவங்களா வரச் சொன்னது?"

குடிக்காததற்காகக் குடிகாரர்களைத் திட்டிய ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். பத்துப் பேரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். டாக்டர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து நாடி பார்க்க ஆரம்பித்தார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

அண்ணன் என்னைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். அந்த அம்மாவிடம் நீட்டிய கிளாஸ் தளும்பி டீ அவர் கையில் கொட்டியது.

"நீங்களும் மூணு நாளா குடிக்கலையா?" என்று அவர் கேட்டார்.

"இவங்கள நிறுத்தச் சொல்லிட்டு நான் மட்டும் குடிச்சா நல்லாருக்குமாங்க? ஆனா ரொம்ப ஜாஸ்தியா நடுங்குதுங்க. தூக்கமே இல்ல."

"மாலை போட்ட மூணாவது நாளும் இப்படித்தான் இருக்குமா?"

அண்ணன் யோசித்தான். "இல்லீங்க. மால போட்டா நடுக்கமே வராது."

உட்கார்ந்திருந்தவர்களில் நாலைந்து பேர், ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். இத்தனை வருடம் கூடவே இருந்தும் நான் இதைக் கேட்டதில்லை.

அந்த அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அதே ஆள், அதே மூணு நாள். மாலை இருந்தா ஒரு மாதிரி, இல்லாட்டி ஒரு மாதிரின்னு சொல்றாங்க. இது நிஜமா, இல்ல இவங்களுக்கு அப்படித் தோணுதா? உங்க திட்டத்துல இந்த ஒப்பீடே இல்லையே. ஏம்மா மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கீங்க? ரத்தத்த எடுங்க முதல்ல!"

நர்ஸ் ஊசியை எடுத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டாக்டர் அண்ணனை விடாமல் பிடித்து வைத்து, இப்படித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, அடுத்த தடவை சொல்லிவிட்டு நிறுத்து என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அறக்கட்டளையின் முடிவு மார்கழியில் வந்தது, அண்ணன் இருமுடி கட்டிய அன்று. ஈமெயிலைப் படித்ததும் குருசாமி வீட்டுக்கு ஓடினேன். சரண கோஷத்துக்கு நடுவில் அண்ணன் தேங்காய்க் கண் வழியாக நெய் ஊற்றிக்கொண்டிருந்தான். மாலை போட்டவனைப் பெயர் சொல்லியோ அண்ணா என்றோ கூப்பிடக் கூடாது.

"சாமி, பணம் கெடச்சிடுச்சு! அடுத்த கார்த்திகைக்கு ஆரம்பிக்கலாம்!"

அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் கையை நிறுத்தாமலே கேட்டான். "அப்ப இதுக்கு மருந்து வந்துடுமா சாமி?"

"இது முதல் படிதான். வந்தாலும் பத்து வருஷம் ஆவும்."

"அங்க மொத்தம் பதினெட்டுப் படி இருக்குதே. அதையே ஏறுறோம்," என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "பத்து வருஷமா? அப்ப மால கழட்டுனப்புறமும் அதுவரிக்கும் நான் இருந்தாவணும்ல."

"இருந்துதான் ஆவணும்," என்றேன். முதல் முறையாக, நாற்பத்தொன்பதாவது நாளைப் பற்றி அவனே என்னிடம் பேசியிருக்கிறான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அண்ணன் தேங்காயை நிமிர்த்திக் காட்டினான். ஒரு சொட்டு நெய்கூட வெளியே சிந்தவில்லை.