அமாவாசை டீக்கடையும் சத்தமில்லாத டிவியும்

இங்கே யுத்தத்தைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். ஜெர்மனியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கான்டீனில் பெரிய டிவி ஒன்று உண்டு. மதியம் செய்தி ஓடும். ஒலியை அடைத்து வைத்திருப்பார்கள். எரிகிற கட்டடத்தைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு தின்னப் பழகுவதற்கே எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கிற அளவுக்கு மொழி வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. செய்தியில் கருத்துச் சொல்லக் கூப்பிட்டு உட்கார வைத்த நாலு பேரும் எந்த ஆயுதம், எவ்வளவு சீக்கிரம் என்றுதான் பேசினார்கள். 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை.

பக்கத்தில் உட்காரும் மார்க்குஸிடம் என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்: "போதும் என்கிறவர்களை ஏன் கூப்பிடுவதில்லை?" அவன் முகம் வாடிவிட்டது. அந்தக் காட்சிகள் என்னால் தாங்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டான். "மன்னித்துக்கொள்" என்று எழுந்துபோய் ஃபுட்பால் வைத்துவிட்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் அன்றைக்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த விஷயத்தில் ஆரணியில் இருக்கிற பாஸ்கர் கொடுத்து வைத்தவன். என் அத்தை மகன்; பட்டு நெய்கிறவன். அமாவாசையன்று எங்களவர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். டீக்கடை நிரம்பி வழியும். நம் எல்லையில் சண்டை நடந்தபோது, கடை டிவி தொண்டை கிழியக் கத்திய ஓர் அமாவாசையில் இவன் வாயைத் திறந்திருக்கிறான். "எல்லா சேனல்லயும் ஒரே பாட்டத்தான் பாடிகினு கீறானுங்க. போதும்னு சொல்றவன் ஒருத்தன்கூடவா நாட்ல இல்ல?"

கடையே பாய்ந்துவிட்டது. "அவ்ளோ பாசம்னா அங்கியே போய் நெய்யேன்டா!" என்று கத்தியவர் கோவிந்தராஜ். பாஸ்கருக்குப் பட்டு நூல் கொடுக்கிற முதலாளியே அவர்தான். அந்தக் கடையில் ஒரு வழக்கம்: எவன் அதிகம் திட்டினானோ, அவன்தான் திட்டு வாங்கினவனுக்கு டீ சொல்ல வேண்டும். அன்று அவர் டீ சொல்லாமலே எழுந்து போய்விட்டார். பிழைப்பு போச்சு என்று பாஸ்கர் போனில் அழுதான். அடுத்த அமாவாசைக்குக் கோவிந்தராஜ் வந்து, முறைத்துக்கொண்டே அந்த டீயைச் சொன்னாராம். மறுநாள் நூலும் வந்தது.

ஒளிப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு ஃபுட்பால், அவனுக்குத் திட்டும் டீயுமா! அவனிடமே சொன்னேன். "உனக்கின்னா மச்சான், அங்க எவனும் சண்டைக்கி வர மாட்டான். ஜாலியா பேசலாம்" என்று அவன் என்மேல் பொறாமைப்பட்டான்.

போன அமாவாசையன்று என் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். போனை பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்தான். இங்கே டிவியில் அதே மாதிரி நாலு பேர். எனக்குப் பொறுக்கவில்லை. "இங்கயும் ஒரே பாட்டுதாங்க! நிறுத்துங்கன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் இல்ல!" என்று போனைப் பார்த்துத் தமிழில் கத்திவிட்டேன்.

கோவிந்தராஜ் திரைக்குள் முகத்தை நுழைத்தார். "ஏம்பா, அத எங்ககிட்ட சொல்லிகினு கீறியே, அங்க சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கான்டீனில் தலைகள் திரும்பின. "வீட்டில் எல்லோரும் நலம்தானே?" என்றான் மார்க்குஸ். நலம் என்றேன்.

"அந்தப் புள்ளைக்கி ஒரு டீ போடுப்பா" என்று கோவிந்தராஜின் குரல் கேட்டது. கிளாஸைக் கொண்டுவந்து போன் முன்னால் வைத்தார்கள். ஆவி பட்டுத் திரை மங்கியது. என் டீயையும் பாஸ்கரே குடித்தான்.