கையேட்டில் நான் சேர்க்காத எட்டாவது கோயில்

இன்னொருத்தியின் வேண்டுதலை நான் திருடினேன். அதை மறைக்க ஒரு கோயிலையே மறைத்தேன்.

உங்கள் கையில் இருக்கிறதே, சிலாபத்திலிருந்து தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கான சிறு கையேடு... அதை எழுதியவள் நான்தான். வழியில் பார்க்கவேண்டிய பழைய கோயில்கள் ஏழு என்று போட்டிருக்கிறேன். பொய்! எட்டு.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. ஒவ்வொரு ஓகஸ்ட் திருவிழாவுக்கும் வெறுங்காலோடு நான்கு நாள் நடை. பதினொரு வருடம் நடந்தேன். எதற்கு? ஒரேயொரு பிள்ளைக்காக. பூவரச மரத்தில் மணி தொங்கும் கோயில், உப்புநீர்க் களப்போரத்தில் சுவரெல்லாம் உப்புப் பூத்த கோயில், மீனவர்கள் மரத்தோணி செய்து வைக்கும் கோயில்... எங்கே நல்ல தண்ணீர், எங்கே நிழல், எல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் கூட்டத்தில் முன்னால் நடப்பவள் நான்தான். அந்தப் பெருமையாவது எனக்கு இருந்தது.

எட்டாவது கோயில் தென்னந்தோட்டங்களுக்குள்ளே ஒரு மைல் தள்ளி இருக்கிறது. கத்தோலிக்கப் பூசைக்குத் தடை இருந்த ஒல்லாந்தர் காலத்தில் ஒளித்துக் கட்டியது என்பார்கள். மாதாவைப் பெற்ற அன்னம்மாளின் சுரூபத்துக்கு முன்னால் ஒரு கம்பி. பிள்ளை கேட்பவர்கள் சின்னத் துணித்தொட்டில் தைத்துக்கொண்டுபோய் அதில் கட்டுவார்கள். சாவி வைத்திருக்கும் சூசை ஐயா ஒரு கொப்பியில் பெயரை எழுதிக்கொள்வார். ஞாயிறு பூசையில் அந்தப் பெயரை வாசித்து மன்றாடுவார்கள். ஒரு தொட்டிலுக்கு ஒரு பெயர்.

அந்தக் கம்பியில் என் தொட்டில்கள் பத்து நரைத்துப்போய்த் தொங்கின. பதினோராவது வருடம் நான் தைக்கவில்லை. வெட்கமாகிவிட்டது.

அந்த வருடம்தான் ரெஜினா வந்து சேர்ந்தாள். வெள்ளவத்தைப் பெண், கொள்ளுப்பிட்டியில் வங்கி வேலை. கலியாணமாகி இரண்டே வருடம். இரண்டு வருடத்துக்குள் இவளுக்கு என்ன அவசரம்? நடக்கும்போது பாடுவாள். என்ன குரல்! முதல் நாள் மாலைக்குள் என் கூட்டம் முழுக்க அவளைச் சுற்றிப் போய்விட்டது. என்னை வாய் நிறைய அக்கா என்பாள். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லியிருப்பேன்... இல்லை.

மூன்றாம் நாள் அவள் பாதமெல்லாம் கொப்புளம். தார் வீதி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு தொட்டிலை எடுத்தாள். தன் கூறைச் சேலையின் கரையை வெட்டித் தைத்தது!

"அக்கா, என்ர காலைப் பாருங்கோ. ஒரு அடி வைக்கேலாது. நீங்க போய் இதைக் கட்டிவிடுவீங்களா? என்ர பேரைச் சொல்லுங்கோ, என்ன?"

"அதுக்கென்ன, தாரும்" என்றேன்.

தென்னைகளுக்குள் தனியாக நடந்தேன். அந்தச் சரிகை கையில் உறுத்திக்கொண்டே வந்தது. என் பத்துத் தொட்டிலுக்கும் இரங்காத அன்னம்மாள், இவளுடைய ஒன்றுக்கு இரங்கிவிட்டால்? அப்போது நான் யார்?

கட்டினேன். சூசை ஐயா கொப்பியை விரித்தார்.

"வழமைபோல உங்கட பேர்தானே, ஸ்டெல்லா?"

"ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை... ஆனால் நான் திருத்தவுமில்லை. அவர் என் பெயரை எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கட்டிட்டீங்களா அக்கா?" என்று ரெஜினா கேட்டாள். கட்டிவிட்டேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். திருட்டுத் தொட்டிலுக்காவது பலிக்காதா என்று! நத்தார்ப் பண்டிகைக்கு முந்தைய வாரம் தொலைபேசி அடித்தது.

"அக்கா! வயித்தில பிள்ளை நிண்டிட்டுது அக்கா! எல்லாம் நீங்க கட்டின தொட்டில்தான்!"

சந்தோஷம் என்றேன். வைத்துவிட்டுக் குசினித் தரையில் உட்கார்ந்து அன்னம்மாளைத் திட்டினேன். ரெஜினாவின் பெயர் அந்தக் கொப்பியில் இல்லையே! என் பெயர்தானே இருந்தது! உனக்குக் கண் தெரியாதா? எழுத வாசிக்கத் தெரியாதா?

பிறந்தது பெண். ரெஜினா என்னையே ஞானத்தாயாகக் கேட்டாள். ஞானஸ்நானத்தில் சுவாமியார், "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்றார். "விட்டுவிடுகிறேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. வேறென்ன சொல்வது?

பிறகு எங்கள் பங்குக் கோயிலில் கையேடு எழுதக் கேட்டார்கள். எட்டாவது கோயிலுக்கு யாராவது போய், கொப்பியைப் புரட்டி, அந்த வருடத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டால்? விட்டுவிட்டேன். நீங்களும் அந்தத் திருப்பத்தைத் தாண்டிப் போயிருப்பீர்கள். பிள்ளைக்காக நடந்தவர் யாராவது உங்களில் இருந்தால்... உங்களிடமிருந்தும் திருடியிருக்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் இதைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு ரெஜினா என் வீட்டுக்கு வந்தாள், நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. "அக்கா, இந்த முறை இவளை அந்தத் தொட்டில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவம். புத்தகத்தில அதைக் காணேல்லையே?"

"அது இடிஞ்சுபோச்சு ரெஜினா. இப்ப அங்க ஒண்டுமில்ல."

எவ்வளவு சுலபமாக வந்தது! போன ஓகஸ்டிலும் அந்தக் கோயில் நின்றது. நான் தனியே போய்ப் பார்த்தேன்.

ரெஜினா விம்மி அழுதாள், செத்த வீட்டில் அழுவதுபோல. நான் தோளைத் தடவித் தேற்றினேன். பொய் சொன்ன வாய் கூசவில்லை. பிள்ளை தன் சட்டையின் நுனியைத் தூக்கித் தாயின் கண்ணைத் துடைத்தது. அவள் கண்ணீரல்ல, எனக்குக் கிடைக்காத அந்தச் சின்னக் கைதான் அப்போதும் என் கண்ணில் பட்டது.