வெட்டி எறிந்த வினாடிகள்

இதை நான் ஜோடிக்கவில்லை. நேரம் ஒவ்வொன்றும் அன்றே நோட்டில் குறித்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் எங்கள் அலுவலக எண்ணுக்குத் தினமும் அழைத்து, ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்வார்கள். குரலின் ஏற்ற இறக்கம், வேகம், தயக்கம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் அளந்து மதிப்பெண் போடும். எழுபதைத் தாண்டினால் ஆபத்து. உடனே அவர் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். பதிவில் இருக்கும் இரைச்சலை நீக்கிக் கொடுப்பது என் வேலை. நான் பேச்சுக்கு நடுவே வரும் வெற்று இடைவெளிகளையும் சேர்த்து வெட்டிவிடுவேன். கேட்கச் சுத்தமாக இருக்குமே என்று.

“அண்ணே, நீங்க சலூன் வெச்சிருக்க வேண்டிய ஆளு,” என்பாள் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்.

செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3.10. தையல்காரம்மாவின் செல்போன் எண்ணிலிருந்து பதிவு வந்தது. எப்போதும் பின்னால் தையல் மிஷின் ஓடும். அன்று ஓடவில்லை. குரலும் கனத்திருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

“சாப்பிட்டேன்... தூங்கினேன்... நல்லா இருக்கேன்.”

நடுவே நீண்ட அமைதி. வழக்கம்போல வெட்டினேன். மதிப்பெண் 24.

3.14. பதிவை மூடிவிட்டேன். ஹெட்போனில் மூச்சு...

“வெட்டாதீங்க.”

திரையைப் பார்த்தேன். எதுவும் ஓடவில்லை.

“இவளையாவது...”

வெட்டாத பதிவை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டேன்.

93.

3.17. தையல்காரம்மாவின் வீட்டு எண்ணுக்கு அடித்தேன். அவர் தங்கை எடுத்தார்.

“அக்கா எங்கம்மா?”

“உள்ள படுத்திருக்கா. ஏன் சார்?”

“கதவத் தட்டுங்க.”

தட்டினார். பதில் இல்லை.

“ஒடைங்கம்மா!”

பிழைத்துக்கொண்டார். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர்.

மறுநாள் தங்கை நன்றி சொல்ல அழைத்தார். அந்தப் பதிவைப் பற்றிச் சொன்னேன்.

“அக்கா பேசினாளா? ரெண்டு நாளா வாயே தொறக்கலையே சார். அவ செல்போன் சார்ஜ் இல்லாம பீரோக்குள்ள கெடக்கு.”

கம்ப்யூட்டர் பெண் அந்தக் குரலைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டாள். ஒன்றே ஒன்று பொருந்தியது. அதன் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“யாரும்மா அது?”

“ஒரு டீச்சர், அண்ணே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. மார்க் இருபத்திரண்டு. அதனால நாம யாரும் போன் பண்ணல. அன்னைக்கு சாயங்காலமே அவங்க...”

திரையை என் பக்கம் திருப்பினாள்.

திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர்.

நீக்கியது: 38 வினாடி.