ஞாயிறு கழிந்தால் சூடாகும் கார்

எங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஐந்து வாரத்தில் மூன்று முறை சூடேறி நின்றது. மூன்றையும் டைரியில் குறித்திருக்கிறேன். திங்கள் காலை, ஃபெடரல் நெடுஞ்சாலையில். செவ்வாய் மாலை, செராஸில் சிக்னல் விளக்கருகே. மறுபடியும் ஒரு திங்கள், பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால்.

அதில் இரண்டே இருக்கைகள். எஞ்சின் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டுக்கும் நடுவே நீளமான குழாய்களில் தண்ணீர் போய்வர வேண்டும். உள்ளே காற்று புகுந்தால் தண்ணீர் சுற்றாது. அந்தக் காற்றை வெளியேற்ற முன்பக்கம் ஒரு சிறு திருகு உண்டு. அதைத் தளர்த்தி, காற்று போனதும் இறுக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் மறுபடி காற்று புகும். என் கணவர் இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் இதைச் செய்வார். தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர்.

கிள்ளானில் எங்கள் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சந்தேகித்தார். முதலில் தெர்மோஸ்டேட்டையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றினார். பிறகு காற்றாடி. பிறகு தண்ணீர் பம்ப். கேஸ்கட் போயிருக்குமோ என்று நீல மருந்து ஊற்றிச் சோதித்தார், நிறம் மாறவில்லை; கேஸ்கட்டில் குறையில்லை.

"இந்தக் காரு என் வீட்டுக்காரிய விட அதிகமா என்னப் பார்க்க வருது, அங்கிள்," என்றார். என் கணவர் சிரிக்கவில்லை.

அன்று டைரியை முதலிலிருந்து படித்தேன். மூன்று முறையும் ஞாயிறு கழிந்து ஓரிரு நாளில்தான். இடையில் ஒரு ஞாயிறு காலையிலேயே காஜாங்கில் கல்யாணத்துக்குப் போய்விட்டோம். அவர் காரைத் தொடவில்லை. அந்த வாரம் கார் சூடாகவில்லை.

அடுத்த ஞாயிறு, அவர் கை கழுவ உள்ளே வந்ததும் நான் வெளியே போனேன். திருகைத் தொட்டேன். விரலோடு திரும்பியது.

"என்னங்க, டைட் பண்ணிட்டீங்களா?"

"பண்ணாம? இன்னிக்கா நேத்தா பண்றேன்?"

நான் இறுக்கியிருக்கலாம். இறுக்கவில்லை. என் சந்தேகம் தவறாகிவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வரிசைக்கு முன், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. காரை டோ லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம்.

மெக்கானிக் முன்பக்கத்தைத் திறந்து குனிந்தார். "அங்கிள், இதப் பாருங்க. கையாலேயே திரும்புது. யாரோ திறந்துட்டு டைட் பண்ணாம விட்டிருக்காங்க லா."

"யாரோ என்ன யாரோ? போன வாரம் கைய வச்சது நீதானே?" என் கணவரின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "பாதி வேலையில போன் பேசப் போயிருப்ப."

"நான் டைட் பண்ணி வெள்ளை பெயின்ட்ல கோடு போட்டேன், அங்கிள். கோடு இப்ப எங்க நிக்குது பாருங்க."

என் கணவர் கோட்டைப் பார்த்தார். பிறகு தம் கையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க தெறந்தேன்," என்றேன். "நீங்க செய்வீங்கள்ல, அதே மாதிரி செஞ்சு பார்த்தேன்."

மெக்கானிக் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறியதும், என் கணவர் என்னைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். "சூடா இருக்கும்போது தொடவே கூடாது. பாதி சுத்து தளர்த்து. குமிழி வரும். குமிழி நின்னு தண்ணி மட்டும் வந்தா இறுக்கு. ரொம்ப இறுக்காத, மரை போயிடும்." ஒரு படிகூட விடவில்லை. என் கைமேல் தம் கையை வைத்துத் திருப்பினார். உறுதியான கை.

"உனக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிடுச்சும்மா," என்றார். "ஒரு டாக்டரப் பார்த்துடலாமா?"

"பார்க்கலாம். நீங்களும் கூட வாங்க."

"வராம? உன்ன தனியா விடுவேனா?"

மறுநாள் காலை மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, அவர் பெயரில் பதிந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் இடம் கிடைத்தது. இடையில் வந்த மூன்று ஞாயிறுகளிலும் அவர் கை கழுவ உள்ளே போனதும் நான் போய் இறுக்கினேன். கார் சூடாகவே இல்லை. "பார்த்தியா, சரியா செஞ்சா ஒண்ணும் ஆகாது," என்றார்.

மருத்துவமனையில் பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாதி கதவைத் திறந்து அவர் பெயரைச் சொன்னாள். என் பெயரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார் என நினைத்து, ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.