பிள்ளையோடு வந்த லைன்மேன்

பந்து கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே சாமிக்கண்ணுவின் கொடி மேலே போய்விடும். எதிரணி உதைத்த பந்தாக இருந்தால்தான் இந்த அவசரமெல்லாம். தன் தோட்டத்துப் பையன் உதைத்த பந்து ஒரு முழம் வெளியே போய்ப் புல்லில் புரண்டுவிட்டு வந்தாலும், கொடி அவர் தொடையோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். கேட்டால் கூச்சமே இல்லாமல் சொல்வார்: “நம்ம வூட்டுச் சோத்தத் தின்னுட்டு, கொடி பக்கத்து வூட்டுக்கா ஆடும்?”

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் அவருக்கு வேலை. விறகுப் புகை பட்டுப் பட்டுக் கண் இரண்டும் செம்பருத்தியாகச் சிவந்திருக்கும். “இந்தக் கண்ணாலயா கோடு பாக்குற?” என்று தொழிலாளர் குடியிருக்கும் லயமே கேலி பண்ணும். பந்தாடும் கால் அவருக்கு வாய்க்கவில்லை. உதைத்தால் பந்து அப்படியே கிடக்கும், செருப்புதான் பறக்கும். ஆனால் ஆளுக்கொரு லைன்மேனை அணிகளே கூட்டி வருவது இங்கே வழக்கம். ஆகவே ஆட்டத்துக்குப் போகிற லாரியில் முதலில் ஏறுகிறவர் அவர்தான்.

கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து, போன தீபாவளியை ஒட்டி ஒரு பெண் பிறந்தாள். பாக்கியலட்சுமி. அந்தப் பெயரை அவர் சுருக்குவதே கிடையாது. பல் முளைக்காத பிள்ளையிடம் “எந்திரிச்சிட்டீங்களா?” என்று மரியாதையாகத்தான் பேச்சு. “பொண்டாட்டிய ஏய்ங்கிற மனுசனுக்கு வந்த மருவாதியப் பாரு!” என்று மனைவி கருப்பாயி மோவாயில் கை வைப்பாள்.

சென்ற ஞாயிறு ஜாசின் திடலில் கோப்பைக்கான கடைசி ஆட்டம். மகளுக்கும் ஆட்டம் காட்டியே தீர்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். கருப்பாயி கடைசியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “இவ மேல பந்து பட்டுச்சு, நீ வூட்டுக்கு வராதே. கேட்டுக்கு வெளியவே நின்னுக்க.” கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்திருந்த இந்த அவசரகாலத்தில் அது வெறும் மிரட்டல் இல்லை. பொழுது சாய்வதற்குள் முள்வேலிக்கு உள்ளே வந்து சேராதவனைக் கேள்வி கேட்காமலே சுட்டுவிடலாம்.

கேட்டிலேயே முதல் தடங்கல். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பருக்கையைக்கூட வெளியே விடுவதில்லை. காவல் நின்றவன் பால் போத்தலை வாங்கி ஆட்டிப் பார்த்தான். “தா போலே, முடியாதுண்ணே. சட்டம்லா.”

“போத்தல்ல போகக்கூடாது. வயித்துல போலாமா?”

அவன் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாமிக்கண்ணு பாலைப் புகட்டினார். பாக்கியலட்சுமி உறிஞ்சினாள், சிரித்தாள், துப்பாக்கியை வேடிக்கை பார்த்தாள், மறுபடி உறிஞ்சினாள். லாரி உறுமிக்கொண்டே நின்றது.

“அண்ணே, நாம போறதுக்குள்ள கப்ப அவனுங்களே எடுத்துட்டுப் போயிருவானுங்க!” என்று மேலிருந்து கத்தினான் அணித்தலைவன் நாகமுத்து.

“அம்மா சாப்புடுறாங்கல்ல? வாய மூடிக்கிட்டு இரு.”

திடலில் பிள்ளையைத் துண்டால் மாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கொடியும் கையுமாகக் கோட்டோரம் போய் நின்றார். நடுவராக வந்திருந்த தம்புசாமி வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “என்னய்யா இது?”

“எம் மவ சார். ரூல்ல கூடாதுன்னு இருக்கா?”

“அப்படி ஒண்ணும் இல்ல.”

“அப்ப இருக்கட்டும்லா.”

பிள்ளை குலுங்கக்கூடாதென்று அன்று அவர் ஓடவில்லை; ஒரு மாதிரி மிதந்தார். ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் இழுபறியாகப் போய், முடிகிற சமயம் நாகமுத்து கோட்டை ஒட்டியே பந்தைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே திருப்பி அடித்தான். கோல்! அவன் தள்ளி வந்தபோது பந்து ஓரக்கோட்டின் மேலேயே உருண்டதே தவிர, தாண்டவில்லை. சாமிக்கண்ணு அதைத் தன் காலடியில் தெளிவாகப் பார்த்திருந்தார்.

“அவுட்டு!” என்று பாய்ந்து வந்தான் எதிரணித் தலைவன் வீரப்பன். “இவரு கொடி என்னிக்கு எங்களுக்கு ஏறிச்சு?”

வாத்தியார் அவரைப் பார்த்தார். “உள்ளதான் சார் இருந்துச்சு,” என்றார் சாமிக்கண்ணு.

“அப்படியா? அந்தப் பிள்ளையக் கீழ போட்டுத் தாண்டச் சொல்லுங்க சார். ஒத்துக்கிறோம்.”

 பெற்ற பிள்ளையைத் தரையில் கிடத்தித் தாண்டுகிற சத்தியத்துக்கு மேல் நம்மவர்களுக்குக் கோர்ட்டு ஏது? கோல் நின்றால் கோப்பை. நிற்காவிட்டால் ஆட்டம் சமம்; போன வருஷம் ஜெயித்த வீரப்பன் ஆட்களிடமே கோப்பை தங்கிவிடும். கேட் மூடுவதற்குள் திரும்பவேண்டியவர்களுக்குக் கூடுதல் நேரமும் கிடையாது.

“தாண்டுண்ணே! நெசந்தானே, என்னா பயம்?” என்றான் நாகமுத்து.

நிஜம்தான். துண்டின் முடிச்சில் கை வைத்தார். மாரில் பிள்ளையின் மூச்சு சூடாகப் பட்டது. இவளை மண்ணில் போட்டு, இந்தக் காலைத் தூக்கி... கையை எடுத்துவிட்டார்.

“பந்து உள்ளதான் இருந்துச்சு. ஆனா நான் தாண்டமாட்டேன். கோல எடுத்துருங்க சார்.” கொடியைத் தாமே உயர்த்தினார். வாத்தியார் கோல் இல்லை என்று கையசைத்தார்.

நாகமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. “பொய்யிக்கெல்லாம் தூக்குனியேண்ணே, மெய்யிக்கு ஒரு சத்தியம் பண்ணமாட்டியா?”

“அப்பெல்லாம் கையில பிள்ளை இல்லடா.”

வீரப்பன் அவரையும் பிள்ளையையும் ஒரு கணம் பார்த்தான். பிறகு தன் இடத்துக்கு ஓடிப்போனான்.

மிச்சமிருந்தது கொஞ்ச நேரம். கடைகளுக்கு மேலாகச் சரிந்த வெயில் திடலைக் குறுக்காக அறைந்துகொண்டிருந்தது. நாகமுத்துவின் காலும் வீரப்பனின் காலும் மோத, பந்து தெறித்துச் சாமிக்கண்ணுவின் பக்கமாக வெளியே ஓடியது. கடைசியில் யார் கால் பட்டது என்று பட்டவர்களுக்கே தெரியவில்லை. இரண்டு தோட்டமும் அவர் முகத்தைப் பார்த்தது.

“எங்க பந்து,” என்றார்.

வீரப்பன் மறுபேச்சில்லாமல் விலகி வழிவிட்டான். வாத்தியார் மட்டும் வழக்கப்படி கொடி உயரட்டும் என்று காத்து நின்றார். கொடி உயரவில்லை. வெயிலுக்கும் பாக்கியலட்சுமியின் முகத்துக்கும் நடுவே அதை விரித்துப் பிடித்திருந்த சாமிக்கண்ணு, கையை அசைக்காமல், பந்து எந்தப் பக்கத்துக்கு என்பதை மோவாயால் காட்டினார்.