செவலைக்கு மூச்சு வாங்குது

எங்கள் நாய் செவலை மயங்கி விழுந்தது மாட்டு டாக்டரின் கண்ணெதிரே. எங்கள் மலைக்கிராமமான பள்ளங்கிக்கு மாடுகளுக்கு ஊசி போட வந்திருந்தார் அவர். குரங்கை விரட்டி ஓடிய செவலை, பூண்டுத் தோட்டத்து வரப்பில் கால் மடங்கிச் சாய்ந்தது. சற்று நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று அம்மா திருநீறு எடுக்க ஓடினாள். டாக்டரோ காதில் குழாயை மாட்டி, நாயின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"நாய்க்கு மூச்சுக்குத் தக்கன துடிப்பு கொஞ்சம் ஏறி இறங்குறது சகஜம்தாங்க. ஆனா இதுக்கு அப்படி இல்ல. துடிக்குது, நிக்குது, அப்புறம் கண்டபடி ஓடுது. மேட்டுல ஏறுனா நடுவுல உக்கார வைங்க. இல்லேன்னா பொட்டுன்னு போயிரும்" என்றார் அப்பாவிடம்.

எனக்கு அது நல்ல விளையாட்டாகப் போயிற்று. கண்ணில் பட்டவர் நெஞ்சிலெல்லாம் காதை வைத்தேன். அம்மாவுக்கு உரலில் இடிப்பதுபோல் ஒரே சீர். "அடியே, சோலி கெடக்கு, எந்திரி" என்று தள்ளிவிட்டாள். அப்பா படுத்திருந்தபோது அவர் மார்பிலும் வைத்தேன். துடித்தது, நின்றது, பிறகு தடதடவென்று ஓடியது.

"அப்பா, உங்களுக்கும் செவலை மாதிரியே அடிக்குது!"

அப்பா என் வாயைப் பொத்தினார். பிறகு சிரித்தார். "அம்மாகிட்டச் சொல்லிராத தாயி. நாயும் நானும் ஒண்ணுன்னு கேலி பண்ணுவா." அம்மா செய்யக்கூடியவள்தான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பள்ளத்துத் தோட்டத்திலிருந்து பூண்டு மூட்டைகளை மேட்டுச் சாலைக்குத் தலையில் சுமந்துதான் ஏற்ற வேண்டும். ஏற்றிய மூட்டையை மேட்டு உச்சியிலுள்ள சுமைதாங்கிக் கல்லில்தான் இறக்கலாம் என்பது எங்கள் ஊர் ஆண்களின் ரோஷம். வழியில் இறக்கினவனை வருஷம் முழுக்கக் கேலி செய்வார்கள், அதிலும் என் சித்தப்பா லேசில் விடமாட்டார். அந்த அறுவடையில் அப்பா செவலையையும் கூட்டிக்கொண்டு ஏறினார். பாதி மேட்டில், "செவலைக்கு மூச்சு வாங்குது. டாக்டர் சொல்லியிருக்காருல்ல" என்று மூட்டையை இறக்கி உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் நாயைப் பார்த்துச் சிரித்தபடி தாண்டிப் போவார்கள்.

எனக்கோ எரிச்சலாக வரும். செவலைக்கு மூச்சே வாங்காது. வாலை ஆட்டிக்கொண்டு புதரை மோந்துகொண்டிருக்கும். அந்தக் குளிரிலும் அப்பாவின் சட்டைதான் நனைந்திருக்கும்.

ஒருநாள் காலையில் செவலை அடுப்போரம் சுருண்டபடியே செத்துக் கிடந்தது. அப்பாவே குழி தோண்டினார். மண்ணைத் தள்ளும்போது வாய்விட்டு அழுதார். ஒரு நாய்க்கா இவ்வளவு என்று அம்மாவே திகைத்துப் போனாள்.

அடுத்த சுமைக்கு நானும் கூடவே ஏறினேன். வழக்கமாக உட்காரும் திருப்பத்தில் அப்பா தயங்கி, காலடியைப் பார்த்தார்.

"என்னண்ணே, இப்பத்தான் நாயி இல்லையே. வெரசா நட" என்றார் பின்னால் வந்த சித்தப்பா.

அப்பா நடந்தார். எல்லோரையும் முந்தினார். எனக்கு ஒரே கொண்டாட்டம். சுமைதாங்கிக்கு நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். மூட்டையைக் கல்லில் இறக்கியவர், அதன்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

மற்றவர்கள் பேசிக்கொண்டே மேலேறி வந்தார்கள். நான் உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க, அப்பா தூங்குறாரு" என்றேன்.